துணிக்கடை தொடங்கும்போது இன்சூரன்ஸ்: எந்தச் சரக்கு, எங்கே, யாருடையது

மதுரை மாசி வீதிகளிலோ விளக்குத்தூண் பக்கமோ கடை பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, ரேக் அடித்து, சூரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் முதல் சரக்கை இறக்கி முடிக்கும்போது கையில் ரொக்கம் அநேகமாக இருக்காது. போட்ட முதல் முழுவதும் துணியாக அடுக்கில் நிற்கும். தீயோ தண்ணீரோ ஒரே இரவில் அதைக் கொண்டுபோய்விட முடியும். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகள் எரிந்தது கடை சாத்திய பிறகுதான். 2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதி பக்கம் நவபத்கானா தெருவில் துணிக்கடை இருந்த பழைய கட்டடம் தீயில் இடிந்து விழுந்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். பழைய கட்டடம், குறுகிய சந்து, பரண் வரை துணி: மதுரையின் கடைவீதியில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

பாலிசி எடுத்துவிட்டாலே போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இழப்பு நேர்ந்த பின் அதை மதிப்பிடும் சர்வேயர் வந்து அடிப்படையாகக் கேட்பது மூன்று கேள்வி: சரக்கு எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவுக்கு இருந்தது, யாருடையது. மூன்றுக்கும் பாலிசி ஒரு பதிலும் உங்கள் கணக்கு வேறொரு பதிலும் சொன்னால் பணம் குறையும், சில சமயம் வரவே வராது. அதனால் ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த மூன்றையும் எழுதுங்கள்.

எங்கே இருக்கிறது

கடை ஒன்றுதானே என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் இடங்கள் கூடும். கடைத்தளம், மேலே பரண், அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த குடோன், வீட்டில் ஒரு அறை, ரவிக்கை தைக்கும் டெய்லர் வீடு, எம்பிராய்டரி போடும் இடம். சுங்குடி செய்பவர்களுக்கு இன்னும் அதிகம்: வெள்ளைத் துணி முடிச்சுப் போடும் பெண்களின் வீடுகளுக்குப் போகிறது, அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காயப்போடும் இடம், பிறகுதான் கடை. எந்த நாளிலும் உங்கள் துணியில் ஒரு பகுதி உங்கள் கூரைக்கு வெளியே இருக்கும்.

பாலிசியில் எழுதாத முகவரியில் எரிந்த துணிக்குப் பணம் கேட்பது கடினம். ஒவ்வொரு இடத்தையும் கதவு எண், தளம், தெரு என்று முழுதாகக் கொடுங்கள். சரக்கு இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருந்தால் எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாக 'ஃப்ளோட்டர்' முறையில் போடச் சொல்லுங்கள். கூரை ஓலையா, தகரமா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். பிரீமியம் கூடுமே என்று ஓலைக் கொட்டகையைக் 'கட்டடம்' என்று எழுதினால், கிளெய்ம் நேரத்தில் அந்த ஒரு சொல்லே எதிரியாகும்.

இடம் மாறினால் அன்றே எழுதிக் கொடுங்கள். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனது போல மொத்தமாக மாறினாலும் சரி, குடோனை மட்டும் பக்கத்துச் சந்துக்கு மாற்றினாலும் சரி, பாலிசி உங்கள் பின்னாலேயே நடந்து வராது. முகவரி மாற்றிய எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த திருத்தத்துக்கான தாள்) கையில் வந்த பிறகு சரக்கை நகர்த்துவது நல்லது.

வீட்டிலிருந்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாகச் சேலை விற்பவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு இன்சூரன்ஸ் வீட்டுச் சாமான்களுக்கானது. பீரோவில் இருக்கும் உங்கள் பட்டுப்புடவையும் பக்கத்து அறையில் விற்பனைக்கு அடுக்கிய 200 புடவையும் ஒன்றல்ல. வியாபாரச் சரக்குக்குத் தனி பாலிசி வேண்டும், அதில் வீட்டு முகவரியை எழுதி, இது வீடு என்பதையும் சொல்ல வேண்டும்.

யாருடையது

வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணியும், நெசவாளர் 'விற்ற பிறகு காசு கொடுங்கள்' என்று வைத்துப்போன சேலையும் உங்களுடையவை அல்ல. ஆனால் எரிந்தால் கேட்பது உங்களைத்தான். பாலிசியில் சரக்கு விவரத்துக்குக் கீழே 'பொறுப்பிலும் கமிஷனிலும் வைத்திருக்கும் பிறர் பொருள் உட்பட' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, யார் எத்தனை உருப்படி கொடுத்தார்கள் என்பதற்கு எண் போட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். முகூர்த்த மாதங்களில் ஒரு டெய்லரிங் யூனிட்டில் தொங்கும் பட்டு ரவிக்கைத் துணிகளின் மதிப்பு, அங்கிருக்கும் மிஷின்களின் விலையைத் தாண்டிவிடும். இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை.

கட்டடம் வாடகை என்றால் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் போடுவது உரிமையாளர் வேலை. அவர் பாலிசி உங்கள் சரக்கைத் தொடாது. நீங்கள் செலவழித்த ரேக், ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி, ஏ.சி., கம்ப்யூட்டர் ஆகியவற்றைத் தனித் தலைப்பில் தனித் தொகையாகப் போடுங்கள். உள் அலங்காரத்தைச் சரக்குத் தொகைக்குள் சேர்த்துவிட்டால் இரண்டுக்குமே பற்றாமல் போகும்.

எவ்வளவு: பலரும் சறுக்கும் இடம்

சரக்கை விற்பனை விலையில் கணக்கிடாதீர்கள். கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, இவ்வளவுதான் மதிப்பு. லாபம் இதில் வராது.

ஜி.எஸ்.டி.யை மறக்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக நீங்கள் எடுத்திருப்பீர்கள். ஆனால் சரக்கு எரிந்தாலோ திருடுபோனாலோ அந்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. ரூ.10 லட்சம் சரக்கில் 5% என்றால் ரூ.50,000. இழப்போடு இழப்பாக இதுவும் உங்கள் கையிலிருந்து போகும். உருப்படி ஒன்று ரூ.2,500-க்கு மேல் போகும் ஆயத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18%, அதனால் திருமண லெஹங்கா, ஷெர்வானி வைப்பவர்களுக்கு இந்தத் தொகை பெரிது. ஆகவே காப்பீட்டுத் தொகையை வரியும் சேர்த்தே வையுங்கள், அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்பதைப் பாலிசியிலும் எழுத்தில் பெறுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கும் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் கட்டிய வரி எப்படியும் அடக்க விலைக்குள் வந்துவிடுகிறது.

அடுத்தது குறைவாகப் போடுவதால் வரும் வெட்டு. ஆடி மாதத்தில் சரக்கு ரூ.10 லட்சம் இருந்தது, அதற்குப் பாலிசி போட்டீர்கள். ஐப்பசியில் தீபாவளிக்காக ரூ.25 லட்சம் வரை ஏற்றிவிட்டீர்கள். ஒரு மூலையில் தீப்பிடித்து ரூ.5 லட்சம் துணி மட்டும் எரிந்தது. பாலிசி ரூ.10 லட்சத்துக்கு இருக்கிறதே, ரூ.5 லட்சம் முழுதாக வரும் என்று நினைப்போம். வராது. இருந்த மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், அதனால் இழப்பிலும் ஐந்தில் இரண்டு பங்கு, ரூ.2 லட்சம்தான் கிடைக்கும். மீதி மூன்று லட்சத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி.

சிறு தொழிலுக்கான பாலிசியில் 15% வரையிலான குறைவை மன்னித்துவிடுகிறார்கள். ரூ.11.5 லட்சம் சரக்குக்கு ரூ.10 லட்சம் போட்டிருந்தால் வெட்டு இல்லை. அதைத் தாண்டினால் கணக்கு மேலே சொன்னபடிதான். இதற்கு வழி எளிது: தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா, பள்ளிச் சீருடை சீசன் ஆகியவற்றில் உங்களுக்கு எது உச்சமோ, அதற்கு முந்தைய மாதமே தொகையைக் கூட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். கூடுதல் தொகைக்கு, மீதமுள்ள காலத்துக்கான பிரீமியம் மட்டும் கட்டினால் போதும். 'சரக்கு வந்து இறங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் நடுவில் உள்ள நாள்கள் வெறுமையாக நிற்கும்.

எந்தப் பாலிசி

ஓர் இடத்தில் கட்டடம், சாமான், சரக்கு எல்லாம் சேர்ந்து ரூ.5 கோடிக்குள் இருந்தால் அடிப்படைத் தீ பாலிசியின் பெயர் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் தரும் பாலிசி இது. தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், வாகனம் மோதுவது, தண்ணீர்த் தொட்டி உடைந்து அல்லது வழிந்து ஏற்படும் சேதம் எல்லாம் இதற்குள் வரும். தீயோ வெள்ளமோ வந்த குழப்பத்தில் 7 நாளுக்குள் நடக்கும் திருட்டும் அடக்கம். வாசகம் ஒன்றே என்பதால் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட வேண்டியவை பிரீமியமும், கூடுதலாக என்ன சேர்க்கிறார்கள் என்பதும்தான்.

வராதவற்றைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். ஷார்ட் சர்க்யூட்டில் ஏ.சி. மட்டும் கருகினால் அந்த ஏ.சி.க்குப் பணம் இல்லை. அதிலிருந்து தீ பரவித் துணி எரிந்தால் துணிக்கு உண்டு. சுவர் ஓதம், எலி, கரையான், பூச்சி அரிப்பு, வெயிலில் நிறம் மங்கல், நாள்பட்ட கூரை ஒழுகல் எதுவும் கிடையாது. ஒழுகல் விஷயத்தில் நிறையச் சண்டை வரும். தெருவில் வெள்ளம் ஏறி உள்ளே வந்தால் அது வெள்ளம். பராமரிக்காத தளத்தின் விரிசல் வழியே மழை சொட்டிப் புடவை நனைந்தால் அதை வெள்ளம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மழைக்கு முன் தளத்தைப் பூசுவதுதான் அதற்கு இன்சூரன்ஸ்.

2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் வழிந்து செல்லூர்ப் பகுதித் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: தரைத்தளத்தில் தரையோடு தரையாக வைத்த பேல் (துணிக்கட்டு) முதலில் போகும். மரப்பலகை அடித்து அதன்மேல் அடுக்குங்கள். தரையிலிருந்து இத்தனை அங்குலம் உயரத்தில்தான் சரக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சில பாலிசிகளில் எழுதியே இருக்கும். நிலவறைக் குடோன் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தீ பாலிசியில் சாதாரணத் திருட்டு இல்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் பூட்டை உடைத்து, ஷட்டரை நெம்பி, சுவரைத் துளைத்து என்று பலவந்தமாக நுழைந்த தடயம் வேண்டும். கூட்டத்தில் ஒருவர் இரண்டு புடவையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவதும், ஸ்டாக் எடுக்கும்போது கணக்கு உதைப்பதும் இதில் வராது. வேலையாள் கை வைத்தால் அதற்கு 'ஃபிடெலிட்டி' என்று வேறு பிரிவு. இரவில் கல்லாப்பெட்டியில் விட்ட பணத்துக்கும் கிடைக்காது, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தால்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ராத்திரி வசூலைக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தீ, திருட்டு, பணம், கண்ணாடி, விளம்பரப் பலகை, வாடிக்கையாளருக்குக் காயம் எல்லாம் சேர்த்துக் 'கடைக்காரர் பாலிசி' என்று ஒரே கட்டாகவும் தருகிறார்கள். சிறிய கடைக்கு இது வசதி. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதிரே தொகை இல்லாத பிரிவு வெறும் அச்சு.

லாரியில் வரும் சரக்கு

முதலில், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்று வியாபாரியிடம் கேளுங்கள். 'எங்கள் குடோனை விட்டு வெளியேறிய பிறகு பொறுப்பில்லை' என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால் சூரத்திலிருந்து மதுரை வரை அது உங்கள் தலையில். லாரி சர்வீஸ்காரர் கொடுப்பார் என்று நம்ப வேண்டாம். கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பை அறிவிக்காத சரக்குக்கு, 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அவர் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நிற்கிறது. ரூ.900 வாடகை கொடுத்த ரூ.60,000 பேலுக்குக் கிடைப்பது அதிகபட்சம் ரூ.9,000.

டிரான்சிட் பாலிசி எடுக்கும்போது 'ஏ' பிரிவா 'பி' பிரிவா என்று கேளுங்கள். 'பி' என்றால் தீ, மோதல், கவிழ்தல் போன்றவை மட்டும். தார்ப்பாய் கிழிந்து மழையில் நனைவதும், வழியில் ஒரு பேல் காணாமல் போவதும் 'ஏ'-யில்தான் வரும். துணிக்கு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான், ஆகவே 'ஏ' எடுங்கள். அடிக்கடி சரக்கு வரவழைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தனி பாலிசி எடுக்காமல், ஆண்டுக்கு ஒரே பாலிசி எடுத்து ஒவ்வொரு லோடையும் அறிவித்துக்கொள்ளலாம். டெலிவரி எடுக்கும்போது கட்டு பிரிந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் அப்போதே எழுதி ஷெட் ஆளின் கையெழுத்து வாங்குங்கள். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் பிரித்துப் பார்த்துப் புகார் செய்தால் எடுபடாது. லாரி நிறுவனத்துக்கு 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் அந்த நோட்டீஸின் நகலைக் கேட்பார்கள்.

வேலையாட்கள்

10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு கட்டாயம். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி 3.25%, தொழிலாளி 0.75% கட்ட வேண்டும். தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாறு பேர் கடைக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு. வேலையில் விபத்து நடந்தால் இழப்பீடு தர வேண்டியது நீங்கள்தான். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. தொகை எவ்வளவு பெரிது என்று தெரிந்தால் யாரும் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள். 30 வயது, மாதச் சம்பளம் ரூ.12,000 உள்ள ஒருவர் பரண் ஏணியிலிருந்து விழுந்து இறந்தால்: சம்பளத்தில் பாதி ரூ.6,000, அதை அந்த வயதுக்கான 207.98 என்ற காரணியால் பெருக்க, ரூ.12,47,880. ஒரு சிறு கடையின் மொத்தச் சரக்கு மதிப்பே அவ்வளவு இருக்காது. பணியாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள், அதில் உண்மையான ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் எழுதுங்கள். இதோடு ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.20 கட்டிப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் அவர்கள் வங்கிக் கணக்கு வழியே சேர்த்துவிட்டால் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் தனியாக அந்தக் குடும்பத்துக்குப் போகும். அது உங்கள் சட்டப் பொறுப்பைக் குறைக்காது, ஆனாலும் செய்ய வேண்டிய காரியம்.

வங்கிக் கடன் இருந்தால்

கடன் வாங்கிய கடைக்கு வங்கியே பாலிசி எடுத்து, பிரீமியத்தை உங்கள் கணக்கில் பிடித்துக்கொள்ளும். பலர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. கேட்டு வாங்கிப் படியுங்கள். வங்கி தன் கடன் அளவுக்குத்தான் போட்டிருக்கும். கடன் ரூ.8 லட்சம், சரக்கு ரூ.14 லட்சம், எரிந்தது ரூ.7 லட்சம் என்றால் வருவது ரூ.4 லட்சம், அதுவும் முதலில் வங்கிக்கு. முகவரி கடையுடையதா, கடன் விண்ணப்பத்தில் கொடுத்த வீட்டுடையதா என்பதையும் பாருங்கள். நீங்களே சரியான தொகைக்கு எடுத்து, வங்கியின் பெயரையும் பாலிசியில் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். காலாவதித் தேதிக்கு முன் புதுப்பித்து நகலைக் கொடுத்துவிடுங்கள்.

பணம் கட்டிய பிறகுதான் காப்பு தொடங்கும். செக் திரும்பினால் பாலிசி இல்லை. விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'தீயணைப்பான் உண்டு' என்று அவர் டிக் அடித்து, கடையில் அது இல்லாமலோ காலாவதியாகியோ இருந்தால் பொய் சொன்னது நீங்கள்.

இழப்பு நடந்தால்

உயிர் முதலில், 101-க்கோ 112-க்கோ அழைப்பு அடுத்தது. பிறகு அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள், சாம்பலும் சாட்சிதான். ஆனால் நனைந்த துணியை அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், மேலும் கெடாமல் தடுப்பது உங்கள் கடமை. படமும் வீடியோவும் எடுத்துவிட்டு, நனைந்தது, புகை படிந்தது, நன்றாக இருப்பது என்று மூன்றாகப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். தேறிய துணிக்கு ஒரு மதிப்புப் போட்டு இழப்பிலிருந்து கழிப்பார்கள். அந்த மதிப்பு உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால், துணி வாங்க முன்வருபவரின் விலையை எழுத்தில் காட்டுங்கள்.

எரிந்த சரக்கை எண்ண முடியாது, கணக்கைத்தான் எண்ணுவார்கள். ஆண்டுத் தொடக்கச் சரக்கு, அதோடு கொள்முதல், அதிலிருந்து லாபம் நீக்கிய விற்பனை. மீதி, அன்று இருந்திருக்க வேண்டிய சரக்கு. கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் பட்டியல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கடன் வரம்பைக் கூட்டுவதற்காக வங்கிக்குச் சரக்கைக் கூட்டிக் காட்டியவர்களும், வரிக்குப் பயந்து விற்பனையைக் குறைத்துக் காட்டியவர்களும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பில் புத்தகமும் கம்ப்யூட்டரும் கடையோடு எரிந்துபோவது வழக்கம், ஆகவே தினமும் கணக்கின் நகல் கடைக்கு வெளியே எங்காவது இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அடுக்குகளை மொபைலில் வீடியோ எடுத்து ஆன்லைனில் சேமிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், பின்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் கேட்பார்கள்.

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தபடி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயருக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனம், நீங்கள் அல்ல. அவர் கேட்கும் தாள்களைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல், பட்டியல் போட்டு ஒரே கட்டாகக் கொடுத்துப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சொல்லும் தொகை சரியில்லை என்றால், முழுத் தீர்வாகப் பெற்றேன் என்ற ரசீதில் கையெழுத்திடும் முன் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள், வெட்டியதற்கான காரணத்தையும் சர்வேயர் அறிக்கை நகலையும் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு முதலில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் புகார் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) எழுதலாம். தனிநபர் உரிமைக் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். ரூ.50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்து எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.